நாலாவது பிளக்

ஹான்டிலை ஐயா ஒரே ஒரு தரம்தான் தூக்கிப் பார்த்தார். முன் பம்பரில் இருக்கிற ஓட்டைக்குள்ளால் விட்டு, கிராங்க் முனையில் கொளுவி, இடக்கையை மட்காட்டில் ஊன்றிக்கொண்டு மெள்ளத் தூக்கினார். அசையவில்லை. நல்ல எஞ்சின் என்றால் கொம்பிறசன் கையைத் திருப்பித் தள்ளும். உள்ளே யாரோ மறுபக்கம் நின்று இழுக்கிற மாதிரி இருக்கும். இது பனங்குற்றியைப் பிடித்து முறுக்கினது போல இருந்தது என்று பிறகு சொன்னார். அந்த நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஹான்டிலை உருவி, பழஞ்சீலைத் துண்டால் துடைத்து, கொட்டில் சுவரில் சாத்தி வைத்தார்.

"பிடிச்சுப் போச்சு," என்றார் கொஞ்ச நேரத்தால்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெல் துண்டுகள் கிழித்த தகரத்தில் பதினொரு ஓட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளாலும் வெயில் காசளவு வட்டமாகக் காரின் மேல் விழுந்திருந்தது. அதில் இரண்டு வட்டம் நேரே எஞ்சினுக்கு மேல்.

1996 சித்திரை மாதக் கடைசி அது. ஆறு மாதத்துக்குப் பிறகு கொக்குவில் வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்றாம் நாள். எனக்கு இருபது வயது.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தக் கார்தான் தொழில். 948 சீசீ எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர், 1958ஆம் ஆண்டு வண்டி. 1974 இல் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரிடம் வாங்கினார். அந்தக் காலத்தில் புதுக் கார் இறக்குமதி இல்லாதபடியால் பழைய கார்தான் கைமாறிக் கைமாறி ஓடும். 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. ஐயா மாறவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட காரை நிறுத்தி, பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களையும் பெற்றுக்கொண்டு திரும்புகிறவர்களையும் ஏற்றி இறக்குவதுதான் அவருடைய ஓட்டம். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் கனபேர் பிறந்து வீட்டுக்கு வந்தது அந்தப் பின் சீற்றில்தான்.

மைனரைப் பற்றி ஒரு கதையைக் கனகாலத்துக்குப் பிறகு வாசித்தேன். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு, அது ஒடுக்கமாக இருக்கிறதென்று பட்டு, நடுவாலே இரண்டாக அறுத்து நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலம்தான் பொனற்றின் நடுவில் நீளமாக ஓடுகிற தட்டைப் பட்டி. 1948 இல் வெளிவந்து, பிரித்தானியாவில் 10 இலட்சத்தைத் தாண்டிய முதல் கார் என்று பேர் எடுத்தது. சின்ன வயதில் நான் அந்தப் பட்டியில் விரலை வைத்துக் கண்ணாடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவேன். வெட்டி ஒட்டின இடம் என்று அப்போது தெரியாது.

1990 இல் சண்டையால் தெற்குக்குப் போகிற பாதை மூடினது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, யூரியா ஒன்றும் வராது. ஜாம் போத்தலுக்குள் திரி விட்டு விளக்குக் கொளுத்தினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த வருசங்களில் ஓடின கார் எல்லாம் அப்படித்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பி, சூடு ஏறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எழுப்புவதற்கு ஊசி மருந்து ஏற்றுகிற சிரிஞ்சில் அளந்து, காபரேற்றர் வாயில் பீச்சுவோம். மைனரில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருப்பது உதவியாய் இருந்தது. அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் இளகட்டும் என்று செப்புக் குழாயைப் புகைக்குழாயில் சுற்றி விட்டிருந்தார் ஐயா. மண்ணெண்ணெய்க்குக் கொம்பிறசன் கூடினால் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். அதற்காக ஹெட்டுக்குக் கீழே ஒரு கஸ்கற்றுக்குப் பதிலாக இரண்டு போட்டார். இந்த இரண்டாவது கஸ்கற்றை ஞாபகம் வைத்திருங்கள்.

ஆனால் மண்ணெண்ணெய் எஞ்சினைத் தின்னும். எரியாமல் மிஞ்சுகிறது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயில் படையைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். கார் ஓட ஓட ஒயில் குறைவதுதான் வழமை. அந்த நாளில் எங்கள் காரில் ஒயில் கூடினது. ஐயா விடிய எழும்பிக் கம்பியை இழுத்து மணந்து பார்ப்பார். மணத்திலேயே எத்தனை பங்கு மண்ணெண்ணெய் என்று சொல்லுவார். மாற்ற ஒயில் இல்லை. இருக்கிற ஒயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து, துணியில் வடித்து, திரும்ப விடுவார்.

1995 ஒக்ரோபர் 30. இரவு ஒலிபெருக்கி கட்டின வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. வலிகாமத்தில் இருக்கிற எல்லாரும் உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி அறிவித்தார்கள். மழை. அம்மா சாமான் கட்டத் தொடங்கினா. நான் காருக்குச் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐயா கையை நீட்டி மறித்தார்.

"கார் வேண்டாம். சனம் நடக்கிற நடைக்குப் பின்னாலை இதை உருட்டேலாது. எஞ்சின் ஆறும். ஆறினால் நிக்கும். நிண்டால் திருப்பி எழுப்பப் பெற்றோல் எங்கை?"

அவர் சொன்னது சரி. செம்மணி வெளியில் அந்த இரவு சைக்கிளைக்கூட உருட்ட முடியாமல் தோளில் தூக்கினவர்களைக் கண்டேன். கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் பத்துக் கிலோமீற்றரும் வராது. நாங்கள் பாலம் கடக்க அடுத்த நாள் மத்தியானமாகிவிட்டது. ஆச்சியைச் சைக்கிள் கரியரில் வைத்து ஐயா பிடித்துக்கொண்டு வந்தார்.

வெளிக்கிட முதல் அவர் என்னிடம் ஒரு வேலை தந்தார். வடித்து வைத்த ஒயில் அரைப் போத்தல் கிடந்தது. "தம்பி, நாலு பிளக்கையும் கழட்டி, சிலிண்டருக்கு மூண்டு கரண்டிப்படி ஒயிலை விட்டு, ஹான்டிலாலை ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுத் திரும்பப் பூட்டிவிடு. எத்தினை நாளைக்கோ தெரியாது. சும்மா கிடந்தால் கறள் பிடிக்கும்."

நான் ஜாம் போத்தல் விளக்கை மட்காட்டில் வைத்து வேலையைத் தொடங்கினேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. கழற்றி, ஒயில் விட்டு, பூட்டினேன். நாலாவது பிளக்கோடு எனக்கு எப்போதும் கரைச்சல். ஸ்பானர் கம்பியைச் சுழற்ற அந்த மூலையில் இடம் காணாது. அன்றைக்குக் கை நடுங்கினது. அரைச் சுற்று இளகினது, பிறகு ஸ்பானர் வழுகி விளக்குத் தட்டுப்பட்டு விழுந்து நூர்ந்தது. இருட்டு. அம்மா படலையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் பொனற்றைச் சாத்திவிட்டு ஓடினேன்.

"நாலும் விட்டியே?" என்று ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா," என்றேன்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் இருந்தோம். வகுப்பறை ஒன்றில் ஏழு குடும்பம். கார்த்திகை மழை பெய்கிற இரவுகளில் நித்திரை வராமல் கிடக்கிறபோது ஐயா அம்மாவுக்குச் சொல்லுவார்: "காருக்குப் பயமில்லை. ஒயில் விட்டுப்போட்டுத்தான் வந்தவன் தம்பி." வீட்டைப் பற்றிப் பயந்தார், மாட்டைப் பற்றிப் பயந்தார். காரைப் பற்றி மட்டும் பயப்படவில்லை. நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்ளுவேன்.

வந்து பார்த்தபோது பொனற் திறந்து கிடந்தது. பற்றறியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திறந்த பொனற்றுக்கு மேலே ஓட்டைத் தகரம், அதுக்கு மேலே ஒரு மாரிகாலம் முழுக்க மழை.

ஐயா சாக்கை விரித்து, பிளக்குகளைத் தானே கழற்றினார். மூன்றும் ஸ்பானருக்கு முனகிக்கொண்டு வந்தன, நுனியில் ஒயில் ஈரத்தோடு. நாலாவதற்கு ஸ்பானரை வைத்தார். பிறகு ஸ்பானரை எடுத்துவிட்டு விரலால் திருகினார். விரலுக்கே வந்தது. பிளக்கின் அடி செங்கல் நிறம். நாலையும் கழற்றின ஒழுங்கில் சாக்கில் அடுக்கினார். நாலாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

சங்கக்கடையில் கூப்பனுக்குக் கொடுத்த மண்ணெண்ணெயில் கொஞ்சமும், கழிவொயிலும் கலந்து நாலு சிலிண்டருக்கும் விட்டார். பிறகு செய்த வேலையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தும்புத்தடியில் இருந்து நாலு ஈர்க்கு உருவி, ஒவ்வொன்றையும் பிளக் துவாரத்துக்குள்ளால் பிஸ்ரனில் முட்டும் வரைக்கும் விட்டு, ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வைத்தார். அடுத்த நாள் விடிய அதே ஈர்க்குகளைத் திரும்ப விட்டார். முதல் மூன்றிலும் அடையாளத்துக்குக் கீழே ஈரம் இறங்கியிருந்தது. ஒயில் வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது. நாலாவதில் ஈர்க்கு வைத்த இடத்திலேயே நின்றது. ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"பிடிச்சு வைச்சிருக்கிறது இவன்தான்," என்று நாலாவதைக் காட்டினார். "மூண்டு பேரும் வர ஆயத்தம். இவன் விடுறானில்லை."

இறுகின எஞ்சின் என்றால் நிறையப்பேர் செய்கிற முதல் வேலை காரைக் கட்டி இழுத்து, டொப் கியரில் போட்டுக் கிளச்சை விடுவது. பக்கத்து வளவு மாமாவும் அதைத்தான் சொன்னார். இரண்டு உழவு மாடு போதும் என்றார். ஐயா கேட்கவில்லை. இரும்பு கறளாகிறபோது ஊதும். இருந்த இரும்பைவிடக் கறள் பல மடங்கு இடம் பிடிக்கும். மயிரிழை இடைவெளியில் நிற்கிற வளையத்தைச் சுற்றி அது ஊதி அடைத்துக்கொண்டால், இழுத்தவுடன் உடைவது கறள் இல்லை. வளையம் உடையும், இல்லாவிட்டால் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கிற பிஸ்ரனின் வரம்பு உடையும், அதுவும் இல்லாவிட்டால் கொனெக்ரிங் ரொட் வளையும். மூன்றில் எது உடைந்தாலும் அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் மாற்ற ஒன்றுமில்லை. இதை எழுதுகிறபோது இன்னொரு விசயமும் மனதில் வருகிறது. அதே தொண்ணூறுகளில் இதே தீவின் தெற்கில் மொறிஸ் மைனருக்கு உடல் தகடுகள் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முந்நூறு நானூறு கிலோமீற்றர் வடக்கே ஒரு வளையத்துக்கு வழியில்லாமல் இருந்தோம்.

ஆகவே காத்திருந்தார். சோளகம் வீசத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அம்மா பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பா. அதை ரேடியேற்றருக்குள் ஊற்றி நிறைத்து, ஆறவிட்டு, கீழ்க் குழாயால் திறந்துவிடுவோம். பிஸ்ரன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும், ஆறுகிறபோது இரண்டு மடங்கு சுருங்கும். அந்த விரிவிலும் சுருக்கத்திலும் கறளில் எங்கேயாவது ஒரு வெடிப்பு விழும், விழுந்தால் எண்ணெய் அதற்குள் போகும் என்பது அவருடைய கணக்கு. ஊற்றின பிறகு காரை டொப் கியரில் போட்டு, நானும் மாமாவின் மகனும் பின்னால் நின்று, தள்ளாமல், தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஆட்டுவோம். முன்னுக்கு ஒரு அங்குலம், பின்னுக்கு ஒரு அங்குலம். ஐயா எஞ்சினில் காதை வைத்துக்கொண்டு இருப்பார். ஆறு மணியானால் ஊரடங்கு. பொனற்றைச் சாத்திவிட்டு உள்ளே போவோம்.

விடிய ஈர்க்கு. ஒன்பது நாள் அது ஒரே அடையாளத்தில் நின்றது. பத்தாம் நாள் நெல்லளவு இறங்கியிருந்தது. ஐயா ஈர்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மணந்தார், அம்மாவைக் குசினியில் இருந்து கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அந்த ஈர்க்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது: பழுப்பு நிறத் தண்டில் நகக்கீறல், அதற்குச் சற்றுக் கீழே ஈரம் முடிகிற கோடு.

பிறகும் ஐந்து நாள் விட்டார். அதற்குமேல் நின்ற இடத்தில் நின்றது. ஹெட்டைக் கழற்றாமல் ஆகாது என்றானது.

ஹெட்டுக்கு அவர் பயந்தது கஸ்கற்றால்தான். ஒரு தரம் இறுக்கி ஓடின கஸ்கற்றைத் திரும்பப் போட்டால் தண்ணீர் கசியும். புதிதுக்கு வழியில்லை. ஒன்பது நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இளக்கினார். ஹெட்டைத் தூக்கினபோதுதான் எல்லாருக்கும் அந்த ஞாபகம் வந்தது: கீழே இருப்பது இரண்டு கஸ்கற். மண்ணெண்ணெய்க்காகப் போட்டது. ஒன்று நைந்திருந்தது. மற்றது செப்பு மினுங்க, தப்பிக் கிடந்தது. "மண்ணெண்ணெய் ஒரு நன்மை செய்திருக்கு," என்று மாமா சொன்னார்.

நாலு சிலிண்டரும் வெளிச்சத்துக்கு வந்தன. மூன்று கண்ணாடி. விரலை வைத்தால் ஒயில் ஒட்டினது, ஐப்பசியில் நான் விட்ட ஒயிலும் அதோடுதான் கலந்திருக்கும். நாலாவது, காவிக் கல்லைத் தேய்த்துப் பூசின மாதிரி. பிஸ்ரன் நடுவழியில் நின்றது. அதற்கு மேலே சுவர் முழுக்கக் கறள்; ஒரு பக்கத்தில் தண்ணீர் வடிந்த தாரை கோடு கோடாய், பிளக் துவாரம் இருக்கிற பக்கத்தில். அதைப் பார்க்கிறவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஐயா சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. "எமெறித்தாள் எடு," என்றார்.

பிஸ்ரன் நடுவழியில் நின்றது பெரிய உதவி. முழுக்க மேலேயோ முழுக்கக் கீழேயோ நின்றிருந்தால், தட்டுகிற அடி எல்லாம் கிராங்கின் மேல் நேரே போய் விழும், திருப்பாது. நடுவில் நிற்கிறபோதுதான் அடி சுழற்சியாக மாறும். எந்தத் திசை என்பதும் முக்கியம். மேலே தள்ளினால் வளையம் கறளுக்குள் ஏறும். கீழே பிஸ்ரனின் நிழலில் இருந்த சுவர் அவ்வளவு கெட்டிருக்காது. ஆகவே முதலில் மேற்சுவரை மண்ணெண்ணெயும் எமெறித்தாளுமாக இரண்டு நாள் தேய்த்தோம். மாமா தச்சுவேலை தெரிந்தவர். வேப்பங்கட்டை ஒன்றைச் சிலிண்டர் வாய்க்கு ஒரு நூல் குறைவாக உருட்டிச் சீவித் தந்தார். இரும்பு பிஸ்ரனைத் தொடக்கூடாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கு வைத்துவிட்டு வந்து கொட்டில் வாசலில் நின்றா. ஹான்டில் என் கையில். "இழுக்காதை. பாரத்தை மட்டும் குடுத்துக்கொண்டிரு, படலையிலை சாய்ஞ்சு நிக்கிற மாதிரி," என்றார் ஐயா. அவர் கட்டையைப் பிஸ்ரனில் வைத்து மரச்சுத்தியலால் தட்டினார். பலமாக அல்ல. தேங்காய் உடைக்க முதல் தட்டிப் பார்ப்போமே, அந்த அளவு. நடுவில் தட்டாமல், கட்டையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, வட்டமாக. நூறு தரம் இருக்கும். இருநூறும் இருக்கும். தட்டுகிற சத்தம் ஒரே சுருதியில் இருந்தது: டொக், டொக், டொக். சட்டென்று சுருதி இறங்கினது. டுப் என்று ஒரு சத்தம். என் கையில் ஹான்டில் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

ஐயா கட்டையை எடுத்தார். விளக்கைக் கிட்டப் பிடித்தோம். பிஸ்ரன் விளிம்புக்கு மேலே, சுவரைச் சுற்றி, நகத்தின் வெள்ளை நுனியளவு அகலத்தில் ஒரு வளையம். கறளில்லாத இரும்பு. ஆறு மாதமாக வெளிச்சம் படாத இடம் வெள்ளிக் கம்பி மாதிரி மினுங்கினது. ஒரு மில்லிமீற்றர் வராது. அம்மா "முருகா" என்றா. ஐயா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவர் கை நடுங்கினதை அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன்.

மாமாவின் மகன் இன்னும் தட்டச் சொன்னான். ஐயா விடவில்லை. அந்த வெள்ளை வளையத்தில் எண்ணெய் விட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போகச் சொன்னார். அடுத்த நாள் ஸ்ரார்ட்டரைக் கழற்றி, அந்த வாயால் ஃபிளைவீல் பல்லில் ரயர் லீவரைக் கொடுத்து, கீழே ஒரு பல்லு, மேலே அரைப் பல்லு, திரும்பக் கீழே இரண்டு பல்லு என்று போய் வந்தோம். ஒவ்வொரு தரமும் மேலே கறள் சேறு மாதிரி எழும்பும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெய் விடுவோம். மூன்றாம் நாள் பின்னேரம் எஞ்சின் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினது.

மிச்சம் சாதாரண வேலைதான். சம்ப் நட்டைத் திறந்தபோது முதலில் வந்தது ஒயில் இல்லை, தண்ணீர், அடியில் தங்கியிருந்தது. நாலாவது பிஸ்ரனை மேலால் உருவினோம். இந்த எஞ்சினில் கீழ்ப் பேரிங்கைச் சரிவாகப் பிரித்திருப்பதால் ரொட்டோடு மேலேயே எடுக்கலாம். நாலு வளையத்தில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. மூன்று வளையத்தோடு பூட்டினார். தப்பின கஸ்கற்றின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பெயின்ற் மெல்லிசாகப் பூசி ஹெட்டை ஏற்றினார்.

பிளக்குகளைப் பூட்டுகிற நேரம் மூன்றைத் தானே பூட்டினார். நாலாவதையும் ஸ்பானரையும் என் கையில் தந்துவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

ஒரு உழவு மெசின் பற்றறியை இரண்டு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கி வந்தோம். ஐயா என்னைக் கூப்பிட்டு ஹான்டில் பிடிக்கிற விதத்தைத் திரும்பக் காட்டினார், பத்து வயதில் இருந்து நான் பிடித்து வருகிற ஹான்டிலை. பெருவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கிறபோது பெருவிரல் எலும்பு போகும். கீழே அமத்தாமல் மேலே தூக்க வேண்டும். சிரிஞ்சில் மூன்று மில்லி பெற்றோல். ஆறாவது தூக்கலில் ஒரு தும்மல். எட்டாவதில் பிடித்தது. முதல் ஒரு நிமிடம் மூன்று சிலிண்டர்தான் கதைத்தது, நொண்டி நடை. வெள்ளைப் புகை கொட்டிலை நிறைத்து ஓட்டைத் தகரத்தால் பதினொரு தூணாக மேலே போனது. பிறகு நாலாவது ஒரு தரம் சேர்ந்தது, விட்டது, திரும்பச் சேர்ந்தது, நின்று ஓடினது.

அந்த மூன்று வளையப் பிஸ்ரனோடு அது இன்னும் ஏழு வருசம் ஓடினது. கொஞ்சம் நீலப் புகை விடும். ஆச்சியைக் கடைசியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு தெற்கில் இருந்து பழைய கார் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2003 ஆவணியில் ஒருவர் வந்து பார்த்து, அடுத்த கிழமை ஒரு பெடியனையும் லொறியையும் அனுப்பினார். ஐயாவுக்கு அப்போது கண் பார்வை குறைந்து, ஓட்டுவதை விட்டுவிட்டார். காசை எண்ணி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். பெடியன் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். இனிமேல் சொல்ல இடம் வராது என்று தோன்றினது.

"ஐயா, அண்டைக்கு நான் நாலாவதுக்கு ஒயில் விடேல்லை. பிளக்கையும் இறுக்காமல் விட்டிட்டன்."

"தெரியும்," என்றார். கொஞ்ச நேரம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மூண்டுக்கு விட்டபடியால்தான் மூண்டும் தப்பினது. நாலும் பிடிச்சிருந்தால் நான் திறந்திருக்க மாட்டன்."

பெடியன் ஹான்டிலைக் கொளுவிக் குனிந்தான். ஐயா கதிரையை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஐயா அவனுடைய கையைப் பிடித்து, பெருவிரலை எடுத்து மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துவிட்டார்.